லண்டன் ஏர்போர்ட்டுகள்: எதில் இறங்கினால் நல்லது?

டிக்கெட் தேடும்போது லண்டன் என்று அடித்தால் ஹீத்ரோ, கேட்விக், ஸ்டான்ஸ்டெட், லூட்டன், சிட்டி, சவுத்எண்ட் என்று ஆறும் ஒரே பட்டியலில் வந்து நிற்கும். எது மலிவோ அதைத் தட்டிவிடுகிறோம். அப்புறம் நடுராத்திரியில் லண்டனுக்கு வெளியே எசெக்ஸில் இறங்கி, ஊருக்குள் போக ரயில் இல்லாமல் டாக்ஸிக்கு அழும் பணத்தில் மிச்சம் பிடித்ததெல்லாம் போய்விடும். லண்டனுக்கு விலையை மட்டும் பார்த்து டிக்கெட் போடவே கூடாது என்பது என் கட்சி. ரயிலைப் பாருங்கள், ஓடுபாதையையும் பாருங்கள். ஓடுபாதை பயணிக்கு எதற்கு என்று கேட்கலாம். ஐரோப்பாவுக்குள் விமானம் ஓட்டும் நண்பர் ஒருவரிடம் பேசிப் பேசித்தான் எனக்கு இது பிடிபட்டது. கேட்டில் நாம் எரிச்சலோடு உட்கார்ந்திருக்கும் நேரத்துக்குக் காரணம் பல சமயம் கவுண்டரில் இருப்பவர் இல்லை, வெளியே இருக்கும் ஓடுபாதைதான்.

ஹீத்ரோவையே எடுத்துக்கொள்ளுங்கள். சென்னையிலிருந்தும் கொழும்பிலிருந்தும் நேரடி விமானங்கள் வந்து இறங்குவது இங்கேதான், அதனால் நம் ஆட்கள் அதிகம் திட்டுவதும் இதைத்தான். இவ்வளவு பெரிய ஏர்போர்ட்டுக்கு இருப்பது இரண்டே ஓடுபாதை. பெரும்பாலான நேரம் ஒன்றில் இறங்குவார்கள், மற்றதில் ஏறுவார்கள். மேற்கு நோக்கி இறங்கும் நாட்களில் மதியம் 3 மணிக்கு இரண்டையும் மாற்றிக்கொள்வார்கள், கீழே வீடு இருப்பவர்களுக்கு அரை நாளாவது சத்தம் குறையட்டும் என்று. வருஷத்துக்கு 4,80,000 விமானங்கள்தான் என்று உச்சவரம்பு வேறு. அந்த வரம்பை ஒட்டியே ஓட்டுவதால் காலையில் கொஞ்சம் மூடுபனி விழுந்தால் சாயங்காலம் வரை அதன் பலனை அனுபவிக்க வேண்டியதுதான்.

"இன்னும் சற்று நேரத்தில் தரையிறங்குவோம்" என்று சொல்லிவிட்டு வட்டமடித்துக்கொண்டே இருப்பார்களே, அதற்கும் இதுதான் காரணம். போவிங்டன், லாம்போர்ன், ஆக்கம், பிக்கின் என்று நகரைச் சுற்றி நான்கு இடங்களில் விமானங்களை ஒன்றன்மேல் ஒன்றாக, ஆயிரம் அடி இடைவெளியில் சுற்றவிட்டு, கீழே இருப்பதை முதலில் எடுத்து இறக்குவார்கள். இறங்கத் தயாராக எப்போதும் ஒரு விமானம் இருந்தால்தான் ஓடுபாதை சும்மா கிடக்காது என்பார் நண்பர். எதிர்க்காற்று பலமாக அடித்தால் முன்பெல்லாம் நிலைமை இன்னும் மோசம், ஏனென்றால் இரண்டு விமானங்களுக்கு நடுவே இத்தனை மைல் என்று தூரக் கணக்கு வைத்திருந்தார்கள், காற்றில் வேகம் குறையக் குறைய அந்தத் தூரத்தைக் கடக்க நேரம் கூடும், மணிக்கு இறங்கும் எண்ணிக்கை குறையும். 2015-லிருந்து தூரத்துக்குப் பதில் நேரத்தைக் கணக்காக வைத்திருக்கிறார்கள். காற்றால் வரும் தாமதத்துக்கு இது நல்ல மருந்து.

ஒரு சந்தோஷமான விஷயம் சொல்கிறேன். லண்டனில் மேற்குக் காற்று அடிக்கும் நாட்கள்தான் அதிகம், அப்போது விமானம் கிழக்கிலிருந்து நகரத்தைக் கடந்து வந்து இறங்கும். வலப்பக்க ஜன்னல் சீட் கிடைத்தால் விடாதீர்கள். வானம் தெளிவாக இருந்தால் டவர் பிரிட்ஜ், தேம்ஸின் வளைவுகள், லண்டன் ஐ, பார்லிமெண்ட் எல்லாம் வரிசையாகக் கீழே வரும். காசு கொடுத்துப் போகும் எந்தச் சுற்றுலாவிலும் இந்தக் காட்சி கிடைக்காது.

இறங்கிய பிறகு உள்ள கதை வேறு. இந்திய, இலங்கை பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் தானியங்கிக் கேட்டில் போக முடியாது, அதிகாரி உட்கார்ந்திருக்கும் வரிசையில்தான் நிற்க வேண்டும். சிங்கப்பூர்த் தமிழர்கள் பாஸ்போர்ட்டை வைத்துவிட்டு விறுவிறுவென்று போய்விடலாம். அதனால் ஹீத்ரோவில் இறங்கி வேறு ஏர்போர்ட்டில் விமானம் பிடிப்பதாக இருந்தால் நேரத்தைத் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். டெர்மினலுக்கு டெர்மினல் ரயிலில் போகக் காசு கிடையாது, இது பலருக்குத் தெரிவதில்லை. நகரத்துக்கு 2022-இல் வந்த எலிசபெத் லைன் ரயில் போதும், அவசரம் இல்லாதவர்கள் ஹீத்ரோ எக்ஸ்பிரஸ் ரயிலுக்குக் கூடுதலாகக் கொடுக்கத் தேவையில்லை.

வயதானவர்களைக் கூட்டி வருபவர்களுக்கு ஒன்று. இந்த ஆறில் ஒன்றில், பெயர் வேண்டாம், அம்மாவுக்குச் சக்கர நாற்காலி கேட்டிருந்தோம். எல்லாரும் இறங்கிப் போய், துப்புரவு ஆட்கள் ஏறி சீட் பெல்ட்டுகளை மடித்துவைக்க ஆரம்பித்த பிறகும் நாற்காலி வரவில்லை. அம்மா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுபது வயதுக்காரரை இப்படி உட்காரவைப்பது ரொம்பத் தப்பு. இது அவர்கள் செய்யும் தயவு இல்லை, சட்டப்படி இலவசமாகத் தரவேண்டிய சேவை. 48 மணி நேரத்துக்கு முன்பே விமானக் கம்பெனியிடம் பதிந்து, பதிந்ததற்கான மெயிலைக் கையில் வைத்திருங்கள்.

கேட்விக்கைப் பயணிகள் திட்டினாலும் பைலட்டுகள் மதிக்கிறார்கள். ஒரே ஓடுபாதையை வைத்துக்கொண்டு நெருக்கடி நேரத்தில் மணிக்கு 55 விமானங்கள் வரை ஏற்றி இறக்குகிறார்கள். ஒன்று இறங்கும், அடுத்தது இறங்குவதற்குள் ஒன்று ஏறிவிட வேண்டும். இறங்கியவர் ஓடுபாதையை விட்டு வெளியேறக் கொஞ்சம் அசமந்தமாக இருந்தால் பின்னால் வருபவர் மறுபடி மேலே ஏற வேண்டியதுதான். ரயில் நிலையம் தெற்கு டெர்மினலிலேயே இருக்கிறது, லண்டன் நடுவில் இருக்கும் விக்டோரியா நிலையத்துக்கு அரை மணி. க்ராய்டன் பக்கம் வீடு இருந்தால் யோசிக்காமல் இதைப் போடுங்கள்.

ஸ்டான்ஸ்டெட் கட்டடம் அழகு. நார்மன் ஃபாஸ்டர் வடிவமைத்து 1991-இல் திறந்தது, குழாய்களையும் இயந்திரங்களையும் தரைக்குக் கீழே தள்ளிவிட்டுக் கூரை வழியாக வெளிச்சத்தை உள்ளே விட்டிருக்கிறார்கள். ஆனால் விடிகாலை 6 மணி விமானம் என்றால் முதல் ரயிலை நம்பாதீர்கள், ராத்திரி ஓடும் கோச் பஸ்தான் கதி. லூட்டன் மேட்டில் இருக்கிறது, கடல் மட்டத்திலிருந்து 160 மீட்டர், தாழ்ந்த மேகம் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். ரயில் நிலையமான பார்க்வேயிலிருந்து டெர்மினலுக்கு 2023-இல் டார்ட் ரயில் வந்தபிறகு பஸ் அலைச்சல் போய்விட்டது. டிக்கெட் எடுக்கும்போது பார்க்வே வரைக்கும் எடுக்காமல் லூட்டன் ஏர்போர்ட் வரைக்கும் எடுங்கள், டார்ட் அதிலேயே சேர்ந்துவிடும். சவுத்எண்டில் விமானங்கள் குறைவு, ரயில் நிலையம் மட்டும் வாசலிலேயே.

எனக்கு மனசுக்குப் பிடித்தது சிட்டிதான். பழைய கப்பல்துறைக்கு நடுவே 1987-இல் திறந்தார்கள், ஓடுபாதை 1,508 மீட்டர்தான், இரண்டு பக்கமும் தண்ணீர். மற்ற இடங்களில் விமானம் 3 டிகிரி சாய்வில் இறங்கும், இங்கே 5.5. அதற்கென்று தனிப் பயிற்சி எடுத்த பைலட் மட்டுமே இறக்க முடியும், விமானமும் அந்தச் சாய்வுக்குச் சான்று பெற்றிருக்க வேண்டும். உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கு மூக்கு கீழே குத்துவது நன்றாகவே தெரியும். கேனரி வார்ஃப் அலுவலகக் கோபுரங்கள் கிட்டத்திலேயே தெரியும், அப்புறம் தண்ணீர், உடனே தரை, சக்கரம் தொட்டதும் முன்சீட்டைப் பிடித்துக்கொள்ளும் அளவுக்கு பிரேக். மென்மையாக இறக்குகிறேன் என்று இழுத்துக்கொண்டே போக இங்கே இடம் கிடையாது, குறித்த எல்லைக்குள் சக்கரம் தொடாவிட்டால் மறுபடி மேலே ஏறிவிட வேண்டும். ஆகவே சிட்டியில் தரையிறக்கம் கொஞ்சம் தடாலென்று இருந்தால் பைலட்டைக் குறை சொல்லாதீர்கள், அவர் சரியாகச் செய்திருக்கிறார். 2021-லிருந்து கன்ட்ரோல் டவர்கூட இங்கே இல்லை, ஹாம்ப்ஷையரில் ஸ்வான்விக்கில் உட்கார்ந்து கேமரா திரையைப் பார்த்து இறக்குகிறார்கள்.

டெர்மினல் சின்னது, வாசலிலேயே டிஎல்ஆர் ரயில். ஈஸ்ட் ஹாம் ஆட்களுக்கு 474 பஸ்ஸே போதும். சனிக்கிழமை மதியத்திலிருந்து ஞாயிறு மதியம் வரை மூடிவிடுவார்கள், ராத்திரியும் கிடையாது. சென்னைக்கு நேரடி விமானமும் இல்லை, ஆனால் ஃபிராங்ஃபர்ட்டில் மாறிப் போகலாம், ஒரே டிக்கெட்டாகப் போட்டால் பெட்டியைச் சென்னையில் எடுத்துக்கொள்ளலாம். மாறும் நேரம் இரண்டு மணிக்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.