1/48 நாட் விமான ரெசின் கிட்டா? பணம் போடுவதற்கு முன் இறக்கையை அளந்து காட்டச் சொல்லுங்கள்

"இந்திய விமானப்படை நாட், 1/48, ரெசின், டெக்கலோட, கைவசம் மூணுதான் இருக்கு" என்று வாட்ஸ்அப்பில் யாராவது படம் அனுப்பினால் உடனே பணம் போட்டுவிடாதீர்கள். (நாட் ஒரு குட்டிப் போர் விமானம். 1/48 என்றால் அசலில் நாற்பத்தெட்டில் ஒரு பங்கு. ரெசின் கிட் என்பது பிசினை அச்சில் ஊற்றி எடுத்த, நாமே ஒட்டிச் சேர்க்கும் பாகங்கள். டெக்கல் தண்ணீரில் நனைத்து ஒட்டும் சின்னங்கள்.) நான் போட்டேன். 4,800 ரூபாய், கூரியருக்குத் தனியாக 250.

கிருஷ்ணகிரி பக்கம் ஒரு மாங்கூழ் ஃபேக்டரியில் வேலை எனக்கு. சீசனில் தலை நிமிர முடியாது, சீசன் முடிந்தால் ராத்திரியில் உட்கார்ந்து பிளாஸ்டிக் விமானம் ஒட்டுவேன், பன்னிரண்டு வருடப் பழக்கம். அதனால் விவரம் தெரியாமல் ஏமாந்தேன் என்றும் சொல்ல முடியாது, அதுதான் எரிச்சல்.

இந்தத் தடவை பெரியப்பாவுக்காக ஒரு டயோரமா, அதாவது மாடல்களை வைத்து அமைக்கும் குட்டிக் காட்சி, செய்ய ஆசை. அவர் விமானப்படையில் ஏர்ஃப்ரேம் ஃபிட்டராக (விமானத்தின் உடலைப் பழுதுபார்ப்பவர்) இருந்தவர், 1971-இல் கல்கத்தா டம்டம் தளத்தில் நாட் விமானங்களோடு இருந்தார். அந்த வருடம் நவம்பர் 22-ஆம் தேதி கிழக்கு பாகிஸ்தான் எல்லையோரப் போய்ரா வானத்தில் பாகிஸ்தானின் சேபர் போர் விமானங்களை அடித்தது அங்கிருந்து கிளம்பிய நான்கு நாட்கள்தான். (நாள் கணக்கு இல்லை, விமானக் கணக்கு. இந்த விமானத்தைப் பற்றித் தமிழில் எழுதினால் இந்தத் தொல்லை உண்டு.) பெயரே ஒரு கொசு சைஸ் பூச்சியின் பெயர்தான், அவ்வளவு குட்டி விமானம். தரையில் நிற்கிற ஒரு நாட், பக்கத்தில் டூல் பெட்டியோடு ஒரு ஃபிட்டர், இவ்வளவுதான் என் திட்டம்.

சிக்கல் என்னவென்றால் நாட் விமானத்தில் இரண்டு வகை. நம் ஆட்கள் சண்டைக்கு ஓட்டியது ஒற்றை இருக்கை. பிரிட்டனின் ரெட் ஏரோஸ் சாகசக் குழு ஓட்டியது இரட்டை இருக்கைப் பயிற்சி விமானம். அதற்கு உடலும் நீளம், இறக்கையும் பெரிது, துப்பாக்கி கிடையாது. ஏர்ஃபிக்ஸ் என்ற பிரிட்டிஷ் மாடல் கம்பெனி 1/48-இல் போட்டது இந்தப் பயிற்சி விமானத்தைத்தான், நல்ல கிட், ஆனால் எனக்கு உதவாது. ஒற்றை இருக்கையை இந்த அளவில் தேடித் தேடி அலுத்துப்போன நேரத்தில்தான் இந்த ஆள் மாட்டினார், இல்லை, நான் மாட்டினேன்.

அனுப்பிய படங்கள் அட்டகாசம். பேனல் லைன் (உடல் தகடுகள் சேரும் கோடு) ஒவ்வொன்றும் ஊசியால் கீறியதுபோல. "நானே மாஸ்டர் பண்ணினது ப்ரோ" என்றார், அதாவது அச்சு எடுக்கும் மூல மாடலைத் தானே செய்தாராம். கடைப் பெயர் இல்லை, பில் இல்லை, யூ.பி.ஐ. நம்பர் மட்டும். பத்து நாளில் வரும் என்றது ஆறு வாரம் ஆனது. அதற்குள் ஒருநாள் சும்மா அந்தப் படத்தை இணையத்தில் போட்டுத் தேடியிருந்தால் அது வெளிநாட்டில் யாரோ கட்டி முடித்த மாடலின் படம் என்று அப்போதே தெரிந்திருக்கும். நான் தேடியது பார்சல் வந்த பிறகு.

பெட்டியைத் திறந்ததும் கெமிக்கல் வாடை. ரெசின் சரியாக இறுகாமல் கையில் பிசுபிசுத்தது. வலது இறக்கை அப்பளம் மாதிரி வளைந்திருந்தது. சரி, வளைவு பெரிய குற்றமில்லை, சூடான தண்ணீரில் கொஞ்ச நேரம் போட்டு நிமிர்த்திவிடலாம். காற்றுக் குமிழ் ஓட்டைகளையும் பட்டி வைத்து அடைக்கலாம். அப்படி ஒவ்வொன்றாகச் சமாதானம் சொல்லிக்கொண்டே உடலை விளக்கடியில் திருப்பினேன். காக்பிட்டுக்குப் பின்னால், முதுகில், உப்புத்தாள் தேய்த்த கீறல்கள். நான் தேய்த்ததில்லை, அச்சிலேயே வந்திருக்கிறது. அதன் ஓரத்தில் பாதிக் கைரேகை ஒன்றும் அப்படியே பதிந்திருந்தது. அப்போதுதான் சந்தேகம் வந்து ஸ்கேலை எடுத்தேன்.

ஒற்றை இருக்கை நாட் விமானத்தின் இறக்கை நுனிக்கு நுனி சுமார் 6.75 மீட்டர். 48-ஆல் வகுத்தால் 14 சென்டிமீட்டர் சொச்சம். என் கையில் இருந்தது 15.2. பயிற்சி விமானத்தின் 7.32 மீட்டரை 48-ஆல் வகுத்துப் பாருங்கள், அச்சு அசல் அதே அளவு. ஆள் செய்த வேலை இவ்வளவுதான்: பயிற்சி விமான கிட் ஒன்றை வாங்கி, பின் இருக்கையைப் பட்டி போட்டு மூடி, அதிலிருந்து சிலிகான் அச்சு எடுத்து, ரெசின் ஊற்றி விற்கிறார். மூடியதைக்கூட ஒழுங்காகத் தேய்க்கவில்லை. கேனபி (காக்பிட்டை மூடும் கண்ணாடி) என்று தந்த மஞ்சள் பிளாஸ்டிக் தொப்பி இரண்டு, இரண்டுமே மூன்று மில்லிமீட்டர் குறைவு.

டெக்கல் கதை தனி. தட்டில் தண்ணீர் விட்டு ஒரு வட்டச் சின்னத்தை வெட்டிப் போட்டேன். பத்து எண்ணுவதற்குள் காவி கரைந்து பரவியது, பின்னாலேயே பச்சை. வீட்டு இங்க்ஜெட் பிரிண்டரில் அடித்து, மேலே கிளியர் கோட் கூட அடிக்காமல் அனுப்பியிருக்கிறார். அப்படியே நின்றிருந்தாலும் பயனில்லை, அந்தப் பிரிண்டருக்கு வெள்ளை மை கிடையாது, நடு வளையத்தில் அடியிலுள்ள பெயின்ட்தான் தெரியும்.

போன் செய்தேன், எடுக்கவில்லை. அளவோடு படம் எடுத்து அனுப்பினேன். வந்த பதில்: "ரெசின் கிட்னா இப்படித்தான் ப்ரோ இருக்கும், ஸ்கில் இருக்கறவங்களுக்கு மட்டும்தான் இது." இரண்டாவது மெசேஜுக்கு ஒற்றை டிக். பிளாக். பணம் போனதைவிட அந்த ஸ்கில் வார்த்தைதான் இரண்டு நாள் தூங்கவிடவில்லை.

நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்தேன். பில் கேட்டார்கள், என்னிடம் இல்லை. கடை விலாசம் கேட்டார்கள், அதுவும் இல்லை. பண மோசடிக்கு 1930 இருக்கிறது, ஆனால் அது பணம் போன சூட்டோடு கூப்பிட வேண்டிய எண், நான் கூப்பிட்டது இரண்டு மாதம் கழித்து. புகார் பதிவாகியிருக்கிறது, அதற்குமேல் எதிர்பார்க்கவில்லை. இனிமேல் யாரிடம் வாங்கினாலும் எல்லா பாகத்தையும் பரப்பி, பக்கத்தில் ஸ்கேலும் அன்றைய தேதி எழுதிய தாளும் வைத்து ஒரு படம் கேட்பேன், வராவிட்டால் வாங்கமாட்டேன். முடிந்தால் வந்த பிறகு பணம். பார்சலைப் பிரிக்கும்போதே வீடியோ. நான் எடுக்கவில்லை.

தெரியாமல் வாங்கியவர்கள் காய்ந்தபடியே தேய்க்காதீர்கள், ரெசின் தூள் நுரையீரலுக்கு ஆகாது, தண்ணீர் தொட்டுத் தேயுங்கள், மாஸ்க் போடுங்கள்.

பெரியப்பாவிடம் காட்டவே வேண்டாம் என்றிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தவர் மேஜையில் கிடந்ததைக் கையில் எடுத்தார், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு முகத்தருகே வைத்துப் பார்த்தார், என்ஜினுக்குக் காற்று போகிற வாயின் விளிம்பை நகத்தால் தடவினார்.

"கன் எங்கடா?"

இரண்டு பக்கமும் அந்தக் காற்று வாயின் உதட்டில் பக்கத்துக்கொரு 30 மில்லிமீட்டர் ஏடன் பீரங்கி இருக்க வேண்டும். மொழுமொழுவென்று இருந்தது. அப்புறம் சக்கரக் கதவுகளைக் கேட்டார். நாட் விமானத்தில் அந்தக் கதவுகள்தான் ஏர்பிரேக்காகவும் வேலை செய்யும், பாதி இறக்கினால் வேகம் குறையும். இதில் அது ஒரே கட்டியாக வயிற்றோடு ஒட்டிக் கிடந்தது. சிரித்துவிட்டார். நான் முழுக் கதையும் சொன்னேன், விலையை மட்டும் பாதியாக்கிச் சொன்னேன்.

"தூக்கிப் போடாத கண்ணு. நாங்க மழை வந்தா தார்ப்பாய் போட்டு மூடுவோம். மூடி வெச்சிரு, கன் இருக்கா இல்லையான்னு எவனுக்குத் தெரியும்?"

அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். டிஷ்யூ பேப்பரைத் தண்ணீர் கலந்த ஃபெவிகாலில் நனைத்து மூக்கிலிருந்து இறக்கை நுனி வரை போர்த்தியாகிவிட்டது, காய்ந்ததும் காக்கி அடிக்க வேண்டும். வால் மட்டும் வெளியே நிற்கிறது. அதிலுள்ள மூவர்ணப் பட்டையைப் பிரஷ்ஷால் நானே வரைந்துவிட்டேன்.