தேக்கு விக்ராந்த்: முனை மட்டும் தப்பு

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் ஒரு பழம்பொருள் கடையில், நம் கடற்படையின் பழைய விமானந்தாங்கிக் கப்பலான விக்ராந்தின் மாதிரி ஒன்று வாங்கினேன். முழ நீளம், நல்ல தேக்கு. அடியில் ‘விக்ராந்த் 1971’ என்று செதுக்கியிருந்தது. அப்பா 1971 பாகிஸ்தான் போரில் அந்தக் கப்பலின் கொதிகலன் அறையில் இருந்தவர். கொதிகலன் ஒன்றில் விரிசல். வேகம் குறைந்த அந்தக் கப்பலிலிருந்துதான் டிசம்பர் 4 அன்று சீ ஹாக் விமானங்கள் கிளம்பி, அன்றைய கிழக்குப் பாகிஸ்தானின் (இன்றைய வங்கதேசம்) காக்ஸ் பஜாரையும் சிட்டகாங்கையும் தாக்கின.

வலப்பக்க மேற்கட்டும் புகைபோக்கியும் அச்சு அசல். ஆனால் முன்முனை மேலே வளைந்திருந்தது. அப்பா விரலால் தடவிவிட்டு, “இது எங்க கப்பல் இல்லப்பா” என்றார். அந்த வளைவு 1980களில்தான் வந்தது. 1971ல் தளம் தட்டை. நீராவிக் கவண்தான் விமானத்தை உந்தித் தள்ளும்.

சொன்னதும் கடைக்காரர் ஆசாரியை விட்டு முனையைச் சீவித் தந்தார், காசு வாங்கவில்லை. இப்போது எங்கள் வளவில், ஐயா படத்துக்குக் கீழே இருக்கிறது.