வவுனியா நகரில் சனி இரவு: பாட்டு நல்லம், மேசையைப் பார்த்துப் பிடியுங்கோ

இந்த பாருக்கு மணிக்கூட்டுக் கோபுரத்திலிருந்து நடந்தே போகலாம். சனிக்கிழமைகளில் மேடை இசை. கோயில் திருவிழாவையும் கல்யாண வீட்டையும் விட்டால் வன்னியில் ஒரு இசைக்குழுவை நேரில் கேட்க இடம் குறைவு. அதனாலேயே இந்த பாரைப் பற்றி விரிவாக எழுதவேண்டியிருக்கிறது. குழு உண்மையாகவே வாசிக்கிறது: கீபோட், லீட் கிற்றார், பேஸ் கிற்றார், ஒக்ரபாட் (தட்டி வாசிக்கும் மின்தாளக் கருவி), டோலக், பாட இரண்டு பேர்.

எட்டு மணிக்குத் தொடங்கி முதல் ஒரு மணித்தியாலம் மெல்லிசை. ஒன்பதரை தாண்டினால் நித்தி கனகரத்தினம், ஏ.ஈ. மனோகரன் காலத்துப் பொப்பும் பைலாவும். பைலாவின் 6/8 தாளத்தை ஒக்ரபாட் மட்டும் அடித்தால் தட்டையாகப் போய்விடும். இங்கே டோலக்கின் அடி ஒரு மயிரிழை பிந்தி விழுகிறது, காலைச் சும்மா வைத்திருக்க விடாது. தடித்த பக்கத்துக்கும் மெல்லிய பக்கத்துக்கும் தனித்தனி மைக் வைத்திருப்பதால் இரண்டும் தெளிவு.

குறை ஒலியமைப்பில்தான். மண்டபம் நீளம். பின்மேசைக்காரருக்கும் கேட்கட்டும் என்று மேடையிலிருந்து 12 மீற்றரளவில் இன்னும் இரண்டு ஸ்பீக்கர் மாட்டியிருக்கிறார்கள். வயரில் போகும் ஒலி அங்கே உடனே வந்துவிடும். மேடை ஸ்பீக்கரின் ஒலி காற்றில் அந்தத் தூரம் வர 35 மில்லிசெக்கன் எடுக்கும். அதனால் பின்னால் ஒவ்வொரு சொல்லும் இரண்டு தரம் விழுந்து, பாட்டு வரி பிடிபடாமல் போகிறது. பிடிபடவில்லை என்று சத்தத்தைக் கூட்டுகிறார்கள், மைக் கூவத் தொடங்குகிறது. ஒலியைக் கலந்து அனுப்பும் மிக்சரில் அந்த ஸ்பீக்கர்களுக்கு மட்டும் 35 மில்லிசெக்கன் பிந்தவிட்டால் காரியம் முடிந்தது. அந்த வசதி இல்லாத மிக்சர் என்றால் அவற்றை நிற்பாட்டிவிடுவதே மேல். காசு செலவில்லாத வேலை, தயவுசெய்து செய்யுங்கோ. பாடுகிறவர் மைக்கின் வலைத்தலையைக் கையால் பொத்திப் பிடிப்பதும் கூவலுக்குக் காரணம். பொத்தினால் மைக் எல்லாப் பக்கத்துச் சத்தத்தையும் இழுக்கும். கைபிடியில் பிடித்தால் போதும்.

அதுவரை, மேடையிலிருந்து 4 முதல் 6 மீற்றருக்குள், இரண்டு பெரிய ஸ்பீக்கருக்கும் நடுவே உள்ள மேசையைப் பிடியுங்கோ. ஏழரைக்கே நிரம்பிவிடும்.

சாப்பாட்டை ஒன்பதுக்கு முன் சொல்லுங்கோ. கணவாய் டெவல் (வெங்காயத்தோடு காரச் சோஸில் பிரட்டியது) அந்த நேரம் அருமை: வெங்காயம் மொறுமொறுப்பு, சோஸ் துண்டுகளில் ஒட்டி நிற்கும். பத்து மணி நெரிசலில் நாலைந்து ஓடரை ஒரே தாச்சியில் கொட்டுகிறார்கள். சூடு இறங்கி, கணவாயும் வெங்காயமும் தண்ணி விட்டு, டெவல் குழம்பாகிவிடுகிறது. குளத்து ஜப்பான் மீன் (திலாப்பியா) பொரியலுக்கு அந்தப் பிரச்சினை இல்லை. ஆழமாகக் கீறி, மஞ்சளும் தேசிப்புளியும் ஊறவிட்டுப் பொரிப்பதால் சேற்று மணம் தெரியாது.

பியர் நல்ல குளிர். ஊற்றியதும் கிளாஸைப் பாருங்கோ. உட்சுவரில் குமிழிகள் திட்டுத்திட்டாய் ஒட்டி நின்றால் எண்ணெய்ப் பசையோ அழுக்கோ போகவில்லை, நுரையும் நிற்காது. கேட்டால் முகம் சுளிக்காமல் மாற்றித் தருகிறார்கள். பெயர் மட்டும் சொல்லாமல் அற்ககோல் எத்தனை சதவீதம் என்றும் கேளுங்கோ. 625 மில்லிப் போத்தலில் 4.8 சதவீத லாகர் என்றால் 30 மில்லி அற்ககோல், 8.8 சதவீதம் என்றால் 55 மில்லி. அந்த ஒரு போத்தல் கணக்கில் லாகர் இரண்டு போத்தலுக்குக் கிட்ட.

போயா (பௌர்ணமி விடுமுறை) நாளில் மதுக்கடை பூட்டு, பாட்டும் இல்லை. சனிக்கிழமை போயாவா என்று கலண்டரைப் பார்த்துவிட்டுப் புறப்படுங்கோ. மோட்டச்சைக்கிளை வீட்டிலேயே விடவேணும்: இரவில் ஏ9 வீதியில் மாடுகள் படுத்திருக்கும், கறுத்த மாடு லைற்றுக்குக் கிட்ட வந்த பிறகுதான் தெரியும். பதினொரு மணிக்கு வாசலில் ஓட்டோ கிடைப்பது கஷ்டம், வந்து இறங்கும்போதே அந்த ஓட்டோக்காரரிடம் நேரம் சொல்லி வையுங்கோ.