கோத்தகிரி மலையைக் குவில்ட்டாகத் தைக்க அப்ளிக் நல்லதா, பேட்ச்வொர்க் நல்லதா?

பங்குனி, சித்திரையில் மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி வழியாகக் கோடநாடு வரை போனால் நீலகிரி வெறும் பச்சையாக இருக்காது. ஜகரண்டா ஊதா, சில்வர் ஓக் பூவின் ஆரஞ்சு கலந்த மஞ்சள், சோலை மரங்களின் செம்பு நிறத் தளிர். கோடநாடு காட்சிமுனையில் மாயாற்றுப் பள்ளத்தாக்குக்கு அப்பால், தூரம் போகப்போக வெளிறும் நீல முகடுகள். இதைப் போர்த்திக்கொள்ளும் குவில்ட்டாக, அதாவது உள்ளே பஞ்சு விரிப்பு வைத்துத் தைக்கும் போர்வையாக, தைக்க இரண்டு வழி உண்டு. மலை, மரம், பூ எல்லாவற்றையும் வடிவமாக வெட்டி அடித்துணியின் மேல் வைத்துத் தைப்பது அப்ளிக். துண்டுகளை ஒன்றோடொன்று இணைத்தே மேல்துணியை உருவாக்குவது பேட்ச்வொர்க். நான் பேட்ச்வொர்க்கில் தைத்தேன், உங்களுக்கும் அதையே சொல்வேன்.

படம் தெளிவாகத் தெரிவது அப்ளிக்கில்தான். செலவில் பெரிய வித்தியாசமில்லை. இரண்டுக்குமே பிளவுஸ் மேட்சிங் கடையில் கிடைக்கும் டூ பை டூ ரூபியா போதும், நீலத்திலேயே அத்தனை சாயல் இருக்கும்.

முடிவு செய்ய வேண்டிய இடம் துவைப்பதுதான். அப்ளிக்கில் ஒவ்வொரு வடிவத்தின் ஓரமும் மேலேயே இருக்கிறது. கால் அங்குலம் மடித்துக் கையால் தைத்தாலும், கசக்கும்போதும் அலசும்போதும் முதலில் தேய்வது அந்த ஓரத்து நூல்தான். இஸ்திரி போட்டு ஒட்டும் வலையை வைத்து, ஓரம் மடிக்காமல் தைத்தால் இன்னும் சீக்கிரம் பிசிர் கிளம்பும். துணி அடுக்காகும் இடங்கள் விறைப்பாகி, காயவும் தாமதமாகும். பேட்ச்வொர்க்கில் வெட்டிய ஓரமெல்லாம் உள்பக்கம், பஞ்சு விரிப்பை ஒட்டி மறைந்துவிடும். மேலே உராய எதுவும் நீட்டிக்கொண்டிருக்காது. தினமும் போர்த்துகிற, மாதாமாதம் தண்ணீரில் போடுகிற துணிக்கு இதைவிட என்ன வேண்டும்?

ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். பேட்ச்வொர்க் துண்டுகளை நேரான பட்டைகளாக வெட்டினால் மலை தெரியாது, பவானி ஜமக்காளம் மாதிரி ஆகிவிடும். அடுத்தடுத்து வரும் இரண்டு துணிகளையும் நல்ல பக்கம் மேலே இருக்கும்படி ஓரத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு, இரண்டையும் சேர்த்து ஒரே மெல்லிய வளைவாக வெட்டுங்கள். அந்த வளைவுகள் அப்படியே பொருந்தும், முகடு தானாக வந்துவிடும். கீழே அடர்நீலம், மேலே போகப்போக வெளிர்நீலம் என்று அடுக்கினால் தூரமும் தெரியும். தையல் மடிப்பை அடர்நிறத் துணியின் பக்கம் சாய்த்துத் தேய்த்துவிடுங்கள், வெளிர் துணியில் நிழல் விழாது. சிவப்பையும் அடர்நீலத்தையும் வெட்டுவதற்கு முன்பே, தண்ணீர் தெளியும்வரை அலச வேண்டும்.

அப்ளிக்கை ஒரேயடியாக ஒதுக்கவும் முடியாது. கர்நாடகத்தின் வடகன்னடத்தில் வாழும் சித்தி என்ற சமூகத்துப் பெண்கள் தைக்கும் கவந்தி என்ற போர்வையிலும் துண்டுகள் மேலேதான் இருக்கின்றன. ஆனால் அவர்கள் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி, போர்வை முழுக்க நெருக்கமாக ஓட்டுத்தையல் போடுகிறார்கள். அந்தத் தையல்தான் எல்லாவற்றையும் இறுக்கிப் பிடிக்கிறது. அந்த அளவு கைவேலைக்குப் பொறுமை இருந்தால் அப்ளிக்கும் உழைக்கும். சுவரில் மாட்டத்தான் என்றால் கேள்வியே இல்லை, அப்ளிக்தான். ஜகரண்டா பூக்கொத்தைப் பட்டைகளில் கொண்டுவர முடியாது. என்னுடையதில் அந்த ஊதாவுக்கு எம்பிராய்டரி முடிச்சுகள் போட்டேன்.

வாஷிங் மெஷினில் இதைப் போட்டுப் பார்த்ததில்லை, கையால் அலசியது மட்டுமே என் அனுபவம். உள்ளே பருத்தி விரிப்புதான் வைத்தேன். முதல் துவையலில் கொஞ்சம் சுருங்கி, மேல்துணியில் மெல்லிய சுருக்கம் விழுந்தது, அது எனக்குப் பிடித்தும் இருந்தது. மழைக்காலத்தில் சீக்கிரம் காய வேண்டுமென்றால் பாலியெஸ்டர் வையுங்கள். எதுவானாலும் ஈரத்தோடு கொடியில் தொங்கவிட்டால் அந்தக் கனத்தில் தையல் இழுபடும். கட்டிலிலோ பாயிலோ பரப்பி நிழலில் காயவைப்பது நல்லது.