சின்சில்லா வாங்கப்போகிறவர்களுக்கு: ‘ஃபேன் போதும்’ என்று சொல்லும் கடையை நம்பாதீர்கள்

சென்னையில் எந்தக் கடையிலாவது "இது நம்ம ஊர் வெயிலுக்குப் பழகின குட்டி சார், ஏசி எல்லாம் வேண்டாம், ஃபேன் போதும்" என்று சொல்லி, அடர்ந்த முடியுள்ள கொறிக்கும் பிராணியான சின்சில்லாவைக் காட்டினால், பர்ஸைத் திறக்காமல் வெளியே வந்துவிடுங்கள். இதையே சொல்லித்தான் ஒரு குட்டியையும், கூடவே ‘கூலிங் கிட்’ என்ற ஒன்றையும் எங்கள் தலையில் கட்டினார்கள்.

கிட்டுக்கு மட்டும் ஆறாயிரம் ரூபாய். உள்ளே இருந்தவை யுஎஸ்பியில் ஓடும் ஒரு குட்டி ஏர் கூலர், நீல ஜெல் அடைத்த மெத்தை, சின்சில்லா தண்ணீருக்குப் பதில் புரண்டு ‘குளிக்கிற’ பொடியாக, ‘இம்போர்ட்டட் எரிமலைச் சாம்பல்’ என்று ஸ்டிக்கர் ஒட்டிய ஒரு டப்பா. மூன்றில் ஒன்றுகூட உருப்படியில்லை.

சின்சில்லா ஆண்டிஸ் மலைப் பிராணி. சிலி நாட்டின் வறண்ட, குளிரான சரிவுகள்தான் அதற்குச் சொந்த ஊர். ஒரே மயிர்க்காலிலிருந்து ஐம்பதுக்கும் மேல் முடி முளைக்கும். அதற்கு வியர்க்கவும் வியர்க்காது. நமக்கு ஃபேன் இதமாக இருப்பதே வியர்வை காய்வதால்தான். வியர்க்காத உடம்புக்கு அது அறையின் சூட்டைச் சுழற்றி அடிப்பதோடு சரி. அறை 20 டிகிரியையொட்டி இருந்தால் நிம்மதி, 25ஐத் தாண்டினால் ஆபத்து தொடங்கிவிடும். மே மாதம் சென்னையில் விடியற்காலையிலேயே 28, 29 காட்டுகிறது. இதில் எந்தக் குட்டி எதற்குப் பழகும்?

அந்தக் கூலர் இன்னும் மோசம். தண்ணீர் ஆவியானால்தான் அது குளிர்ச்சி தரும். கடற்கரை ஊரின் புழுக்கத்தில் தண்ணீர் லேசில் ஆவியாகாது; ஆகிற கொஞ்சமும் காற்றின் ஈரத்தைத்தான் ஏற்றும். ஈரம் அந்த அடர்ந்த முடிக்குள் போனால் பூஞ்சை வரும். வளர்ப்பவர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: ஃபாரன்ஹீட் வெப்பநிலையோடு ஈரப்பதச் சதவீதத்தைக் கூட்டினால் 150ஐத் தாண்டக்கூடாது. கூலர் ஓடிய அறையில் பிறகு மீட்டர் வைத்துப் பார்த்தேன்: 88 டிகிரி, 76 சதவீதம்.

நடந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். கூலர் ஓடிக்கொண்டுதான் இருந்தது. குட்டி பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. காது மடல் இரண்டும் உள்ளே ரத்த நரம்பு தெரிகிற அளவுக்குச் சிவந்து, வாயோரம் எச்சில் வழிந்து, விலா படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. அயல்நாட்டுப் பிராணிகளைப் பார்க்கும் மருத்துவர் ஒருவர் போனிலேயே சொன்னார்: "உடனே ஏசி அறைக்குக் கொண்டுபோங்க. காதுலயும் பாதத்துலயும் ஈரத்துணி வைங்க. ஐஸ் தண்ணியில மட்டும் முக்கிடாதீங்க." அப்புறம் அவரிடமே கொண்டுபோய் மருந்து ஏற்றிப் பிழைக்கவைத்தோம். அந்த டப்பாப் பொடியை விரலிடுக்கில் தேய்த்துப் பார்த்தவர், "இது சலிச்ச மணல்" என்றார். ஜெல் மெத்தையின் ஓரம் கடிபட்டிருந்ததைப் பார்த்து இன்னும் கோபப்பட்டார். வாழ்நாள் முழுக்கப் பல் வளரும் பிராணி அது. கண்டதையும் கொறிக்கத்தான் செய்யும். அதன் கூண்டுக்குள் ஜெல்லை வைக்கச் சொல்லலாமா?

கடைக்காரர் சொன்ன பதில்தான் எல்லாவற்றிலும் உச்சம். "நீங்க தண்ணி வச்சிருக்க மாட்டீங்க சார்" என்றார். பில்லை நீட்டினால் அதில் ‘பெட் ஐட்டம்’ என்று மட்டும் எழுதியிருக்கிறது, ஜிஎஸ்டி எண் கிடையாது. கொஞ்சம் குரலை உயர்த்தியதும் இன்னொரு குட்டியைப் பாதி விலைக்குத் தருவதாக இறங்கிவந்தார்! ஃபேன் போதும் என்று வாட்ஸ்அப்பில் அனுப்பிய வாய்ஸ் மெசேஜை அன்று மாலையே அழித்துவிட்டார். நல்லவேளை, என் தம்பிக்கு அதை முன்பே ஃபார்வர்ட் செய்திருந்தேன்.

வாங்கியே தீருவது என்றால் குட்டி விலையை விட்டுவிட்டு, கோடை முழுக்க இரவும் பகலும் ஓடப்போகும் ஏசியின் மின்கட்டணத்தை முதலில் பாருங்கள். கரன்ட் போனால் சமாளிக்க, அது படுத்துக்கொள்ள ஃப்ரிட்ஜில் வைத்தெடுத்த கிரானைட் துண்டு நல்லது. எங்களுக்கு டைல்ஸ் கடையில் வெட்டுத் துண்டாகச் சும்மாவே கொடுத்தார்கள். ஆனால் அது கொஞ்ச நேரத்துக்குத்தான். கடையில் மாநில விலங்குநல வாரியத்தின் பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். 2018இல் வந்த செல்லப்பிராணிக் கடை விதிகளின்படி அது கட்டாயம். நாங்கள் கேட்டதும் எங்கள் கடைக்காரர் பேச்சை மாற்றினார்.

1915க்கு அழைத்து நுகர்வோர் புகார் பதிந்திருக்கிறேன். இதே கிட்டை வாங்கியவர்கள் பில், டப்பா, மெசேஜ் எதையும் தூக்கிப் போடாதீர்கள். நீங்களும் புகார் கொடுங்கள்.