சூடானதும் நின்றுபோகும் பழைய கார்: குறையைப் பார்க்காமலே பாகம் மாற்றும் பட்டறைகள் குறித்து ஓர் எச்சரிக்கை

காலையில் சாவியைத் திருப்பியதும் ஒழுங்காக ஓடத் தொடங்கி, இன்ஜின் சூடேறியபின் நடுவழியில் அணைந்துபோகும் பழைய கார் உங்களிடம் இருந்தால், பட்டறையில் விடுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். இந்த ஒரு குறையைக் காட்டி ஒரு பட்டறை என்னிடம் பெட்ரோல் பம்ப், இக்னிஷன் காயில், ஸ்பார்க் பிளக் என்று அடுத்தடுத்துப் பணம் வாங்கியது. காயிலுக்கும் பிளக்குக்கும் என் காரின் குறையோடு தொடர்பே இல்லை. பம்பையோ அவர்கள் மாற்றவே இல்லை.

முதலில் காரின் நிலையைச் சொல்லிவிடுகிறேன். இன்ஜின் குளிர்ந்திருக்கும்வரை எந்தத் தொல்லையும் இல்லை. வெப்பத்தைக் காட்டும் முள் நடுவுக்கு வந்து, இன்னும் கொஞ்ச தூரம் ஓடிய பிறகு திடீரென்று அணைந்துவிடும். திணறல் கிடையாது, இழுவை குறையாது, புகையும் வராது. யாரோ சாவியைத் திருப்பிவிட்டதுபோல் நிற்கும். அதன்பின் ஸ்டார்ட்டர் நன்றாகச் சுழலும், ஆனால் இன்ஜின் பிடிக்காது. பானெட்டைத் திறந்துவைத்து அரை மணி நேரம் காத்திருந்தால் எதுவுமே நடக்காததுபோல் மறுபடி ஓடும். இவை அனைத்தையும் பட்டறையில் வாயால் சொன்னதோடு, தாளில் எழுதியும் கொடுத்தேன்.

தலைமை மெக்கானிக் அந்தத் தாளைப் படிக்கவில்லை. பானெட்டைக்கூடத் திறக்காமல், "பழைய வண்டி சார், பெட்ரோல் பம்ப்தான். மாற்றிவிட்டால் சரியாகிவிடும்" என்றார். ஸ்கேனர் போட்டுப் பார்க்கலாமா என்று கேட்டதற்கு, இவ்வளவு பழைய வண்டிக்கு ஸ்கேனர் பயன்படாது என்று பதில் வந்தது. இது உண்மையில்லை. அமெரிக்காவில் 1996 முதலும், ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001 முதலும், குறைகளைப் பதிவுசெய்து பொதுவான ஸ்கேனரில் காட்டும் ஏற்பாடு புதிய கார்களில் கட்டாயமானது. என் காரிலும் அதற்கான இணைப்பு ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கிறது. அதற்கும் முந்தைய பல கார்களில்கூட எச்சரிக்கை விளக்கு சிமிட்டும் எண்ணிக்கையை வைத்துக் குறியீட்டைப் படிக்கலாம்.

பம்ப் மாற்றியாயிற்று என்று பில் கொடுத்தார்கள். கார் ஓடியது. சில நாள்களில் பழையபடி நின்றது. அடுத்து காயிலும் பிளக்குகளும். மறுபடி ஓடியது, மறுபடி நின்றது. கடைசியில் இ.சி.யு. எனப்படும் கட்டுப்பாட்டுக் கணினி போய்விட்டது என்றார்கள். அதையும் மாற்றிச் சரியாகாவிட்டால் இன்ஜினை இறக்கித்தான் பார்க்க வேண்டுமாம். கழற்றிய பழைய பாகங்களைக் கேட்டேன். "அதெல்லாம் குப்பைக்குப் போய்விட்டது சார்" என்றார்கள்.

இந்தக் குறையின் இயல்பே ஏமாற்றுபவருக்குச் சாதகமானது என்பதைத்தான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். குளிர்ந்தால் தானாகவே சரியாகிவிடும் குறை இது. எந்தப் பாகத்தை மாற்றினாலும், ஒன்றையுமே மாற்றாமல் இருந்தாலும், மறுநாள் காலையில் கார் ஓடும். பட்டறைக்காரர் உங்கள் கண்முன்னே சாவியைத் திருப்பி ஓட்டிக் காட்டுவார். தெருமுனைவரை போய்த் திரும்புவார். இன்ஜின் முழுச் சூட்டை எட்டுவதற்குள் உங்கள் கையில் பில் இருக்கும். வயிற்றுவலி தணிந்திருக்கும் வேளை பார்த்து மருந்து கொடுத்துவிட்டு, குணமாகிவிட்டது என்று சொல்லும் வைத்தியம் இது. நேர்மையான மெக்கானிக்குக்கு இந்தக் குறை பொறுமையைச் சோதிக்கும் வேலை. நேர்மையற்றவருக்கோ பில்லுக்கு மேல் பில் எழுத நல்ல வாய்ப்பு.

பணத்தைவிட எனக்கு அதிகக் கோபம் தருவது வேறொன்று. ஒவ்வொரு முறையும் "ஓட்டிப் பாருங்கள், நின்றால் கொண்டு வாருங்கள்" என்று சொல்லி அனுப்பினார்கள். ஓடும் காரில் இன்ஜின் அணைந்தால் என்ன ஆகும் என்பது ஒரு மெக்கானிக்குத் தெரியாமல் இருக்காது. பிரேக்குக்கு வலுவூட்டும் வெற்றிடம் இன்ஜினிலிருந்துதான் வருகிறது. அணைந்தபின் ஓரிரு மிதிகளுக்கு மட்டுமே அது மிச்சமிருக்கும். அதற்குப் பிறகு பெடல் கல்லாக இறுகும். பவர் ஸ்டீயரிங் அந்தக் கணமே கனத்துவிடும். பின்னால் லாரி வரும்போது, வளைவில் திரும்பும்போது இது நிகழ்ந்தால்? அடுத்து எப்போது அணையும் என்று தெரியாத காரில் என் குடும்பத்தை ஏற்றி அனுப்பியிருக்கிறார்கள். இந்தக் குறை உள்ள காரை, காரணம் தெரியும்வரை வேகச் சாலைக்கு எடுத்துச் செல்லாதீர்கள். ஓடும்போது அணைந்துவிட்டால் பிரேக்கை விட்டுவிட்டு மிதிக்காமல், ஒரே அழுத்தாக அழுத்தி ஓரத்தில் நிறுத்துங்கள். கார் நிற்கும்வரை சாவியை முழுவதும் திருப்பி எடுத்துவிடாதீர்கள், ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளக்கூடும்.

நண்பர் ஒருவர் சொல்லி இன்னொரு மெக்கானிக்கிடம் போனேன். அவர் ஒரு கருவியையும் தொடுவதற்கு முன் கேள்விகள் கேட்டார். திணறி நிற்கிறதா, பட்டென்று நிற்கிறதா? நிற்கிற நொடியில் கார் இன்னும் உருண்டுகொண்டிருக்க, இன்ஜின் சுழலும் வேகத்தைக் காட்டும் ஆர்.பி.எம். முள் மெல்ல இறங்குகிறதா, ஒரேயடியாகச் சுழியத்தில் விழுகிறதா? நின்றபின் ஸ்டார்ட்டர் சுழலும்போது அந்த முள் கொஞ்சமாவது அசைகிறதா? பட்டென்று நிற்கிறது, முள் விழுந்துவிடுகிறது, பிறகு அசைவதே இல்லை என்றேன். அவர் தலையசைத்துவிட்டு, "வண்டி இங்கேயே நிற்கட்டும், நாம் பார்க்கும்போது நிற்க வேண்டும்" என்றார்.

பானெட்டை மூடி, இன்ஜினை ஓடவிட்டுக் காத்திருந்தார். வேறு வேலையைப் பார்த்துக்கொண்டே காதை இங்கே வைத்திருந்தார். அணைந்ததும் ஓடி வந்தார். ஆறுவதற்குள் பார்க்க வேண்டும், அதுதான் இதில் முக்கியம். பெட்ரோல் குழாயில் அழுத்தமானி வைத்தார், அழுத்தம் இருந்தது. தீப்பொறியைச் சோதித்தார், இல்லை. இன்ஜினுக்குள் பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டருக்கு வரும் மின்துடிப்பைச் சோதித்தார், அதுவும் இல்லை. தீப்பொறி மட்டும் இல்லையென்றால் காயிலைச் சந்தேகிக்கலாம். தீப்பொறியும் இன்ஜெக்டர் துடிப்பும் ஒருசேர நின்றுவிட்டால், இரண்டுக்கும் கட்டளையிடும் கணினிக்கே இன்ஜின் சுழல்வது தெரியவில்லை என்று பொருள் என விளக்கினார். ஸ்கேனரிலும் அதையே காட்டினார்: ஸ்டார்ட்டர் இன்ஜினைச் சுழற்றிக்கொண்டிருக்க, திரையில் ஆர்.பி.எம். சுழியமாகவே நின்றது.

இன்ஜின் சுழல்வதைக் கணினிக்குத் தெரிவிக்கும் கிராங்க் சென்சாரின் இணைப்பைக் கழற்றி மல்டிமீட்டரை வைத்தார். அளவற்ற மின்தடை காட்டியது, அதாவது சுற்று அறுந்திருந்தது. ஈரத்துணியைச் சென்சார்மேல் போட்டு ஆறவைத்தார். மறுபடி அளந்தபோது சில நூறு ஓம் காட்டியது. இணைப்பைக் கொடுத்துச் சாவியைத் திருப்பினால் இன்ஜின் உடனே பிடித்தது.

என் காரில் இருப்பது காந்தமும் மெல்லிய தாமிரக் கம்பிச் சுருளும் கொண்ட பழைய வகைச் சென்சார். இன்ஜின் உடலோடு ஒட்டி, சூட்டிலும் எண்ணெயிலும் பல ஆண்டுகள் கிடக்கிறது. சுருளில் எங்கோ மயிரிழை அளவு விரிசல். சூட்டில் விரிந்தால் பிரிகிறது, ஆறினால் சேர்கிறது. மூன்று கம்பி கொண்ட ஹால் வகைச் சென்சாருக்கு இப்படி ஓம் அளந்து முடிவு சொல்ல முடியாது, அதன் துடிப்பைத்தான் பார்க்க வேண்டும். இந்தக் குறைக்கு வழக்கமாகச் சொல்லப்படும் குறியீடு பி0335. சில சமயம் அது பதிவாவதும் இல்லை. இன்ஜினை ஓட்டுநரே அணைத்துவிட்டார் என்று கணினி எடுத்துக்கொள்வதுண்டு. ஆகவே குறியீடு இல்லை என்பதை வைத்து ஒரு மெக்கானிக் கையை விரித்தால் நம்ப வேண்டாம்.

சென்சாரை மாற்றிய பிறகு, பம்ப் புதிதுதானே, அதையும் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று அவரே பின் இருக்கையைத் தூக்கினார். பம்புக்கு மேலுள்ள மூடியில் பல ஆண்டுத் தூசி படிந்து இறுகியிருந்தது. திருகுகளின் துருவில் ஒரு கீறல் இல்லை. கழற்றிப் பார்த்தால் உள்ளே இருந்தது கார் தயாரித்த ஆண்டே பொறிக்கப்பட்ட, கம்பெனியில் வைத்த அதே பம்ப். பில்லில் புதிய பம்ப், கூலி, ரப்பர் வளையம் எல்லாம் தனித்தனியாக எழுதியிருக்கிறது. கழற்றுவதற்கு முன்பும் பின்பும் படம் எடுத்து வைத்துக்கொண்டேன்.

உங்கள் காரிலும் சென்சார்தான் குறை என்று நான் சொல்லவில்லை. சூடானதும் நிற்பதற்குக் காரணங்கள் பல. ஆனால் ஒவ்வொன்றும் தன் அடையாளத்தோடுதான் வரும். இழுவை குறைந்து, குலுங்கி, பிறகு நின்றால் பெட்ரோல் போதவில்லை என்று பார்க்கலாம்: தேய்ந்த பம்ப் சூட்டில் சோர்ந்துபோவது உண்மையிலேயே நடப்பதுதான், டாங்கியில் பெட்ரோல் குறைவாக இருந்தால் இன்னும் விரைவாகச் சூடேறும். நின்ற உடனே டாங்கி மூடியைத் திறந்து பாருங்கள். புஸ்ஸென்று காற்று உள்ளே இழுக்கப்பட்டு, அதன்பின் கார் ஓடினால் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. இந்தச் சோதனைக்குக் காசே வேண்டாம். பம்புக்கு மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் ரிலேயில் பற்றுவைப்பு விரிசல் விட்டு, கார் உள்ளே சூடானதும் தொடர்பு அறுவதும் பழைய கார்களில் நெடுநாளாக அறிந்த குறை. பல கார்களில் ஹார்னுக்கும் அதே வகை ரிலே இருக்கும், மாற்றிப் போட்டுப் பார்க்கலாம். கரும்புகையும் பெட்ரோல் வாடையும் இருந்தால் குளிர்நீர் வெப்பச் சென்சாரைப் பாருங்கள். சூடு ஏற ஏற அதன் மின்தடை இறங்க வேண்டும்; இறங்காவிட்டால் இன்ஜின் இன்னும் குளிர்ந்தே இருக்கிறது என்று நம்பிக் கணினி பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றும். சாலையில் நன்றாக ஓடி, சிக்னலில் மட்டும் அணைந்தால், கார் நிற்கும்போது இன்ஜினுக்குக் காற்று விடும் ஐடில் வால்வில் கரி, அல்லது எங்கோ காற்றுக் கசிவு. கார்புரேட்டர் காராக இருந்தால், குளிரில் காற்றைக் குறைக்கும் சோக் முழுதும் திறக்கிறதா என்று பாருங்கள். கடும் வெயிலில் குழாயிலேயே பெட்ரோல் ஆவியாகித் தடைபடுவதும் உண்டு.

பட்டறையில் நீங்கள் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: "சூட்டில் நின்றபோது எது இல்லாமல் போனது, தீப்பொறியா, பெட்ரோலா, இரண்டுமா?" இதற்கு நேரான பதில் தராதவர் குறையைப் பார்க்கவில்லை, ஊகத்தில் பாகம் மாற்றப் போகிறார். சோதித்துச் சொல்கிறேன் என்பவருக்கு அவர் கேட்கும் நேரத்தைக் கொடுங்கள். காத்திருந்து சோதிப்பதற்கான கூலியை மனமுவந்து கொடுங்கள், அது வீணாக மாற்றும் பாகங்களின் விலையைவிடப் பெரும்பாலும் குறைவாகத்தான் வரும். வண்டியை விடும்போதே, கழற்றும் எல்லாப் பாகமும் உங்களுக்கு வேண்டும் என்று வேலைத்தாளில் எழுதச் சொல்லிக் கையெழுத்து வாங்குங்கள். குறியீடுகளை அழிப்பதற்கு முன் திரையைப் படம் எடுங்கள். பேட்டரியைக் கழற்றினாலே பல பழைய கார்களில் அந்தப் பதிவு போய்விடும். இ.சி.யு. போய்விட்டது என்று சொன்னால், அதற்கு வரும் மின்சாரத்தையும் எர்த் இணைப்பையும் அளந்தீர்களா என்று கேளுங்கள்.

முதல் பட்டறையின் உரிமையாளரிடம் படங்களைக் காட்டினேன். பையன்கள் தவறுதலாகப் பில்லில் சேர்த்துவிட்டார்கள் என்று சொல்லிப் பம்புக்கான பணத்தை மட்டும் திருப்பிக் கொடுத்தார். காயிலும் பிளக்கும் எப்படியும் மாற்ற வேண்டியவைதானே என்றார். அந்தத் தொகைக்கு நுகர்வோர் புகார் எழுதியிருக்கிறேன். இரண்டாவது மெக்கானிக் கையெழுத்திட்ட சோதனைக் குறிப்பு, பம்ப் மூடியின் படங்கள், அறுந்த சென்சார் எல்லாம் அதோடு போகின்றன.