‘மதர்போர்டு போயிடுச்சு’ என்று சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள்

கோவையில் இன்ஜினியரிங் படிக்கும் என் அக்கா மகளிடம் ஒரு லேப்டாப் சர்வீஸ் கடைக்காரர் 9,500 ரூபாய் வாங்கிக்கொண்டு, மாற்றாத மதர்போர்டை (எல்லா பாகங்களும் பொருந்தியிருக்கும் முக்கியப் பலகை) மாற்றியதாக எழுதிக் கொடுத்திருக்கிறார். போதாததற்கு 4 ஜிபி ராமையும் கழற்றிக்கொண்டார். கடையின் பெயரை இங்கே போடவில்லை, விவகாரம் இன்னும் முடியவில்லை. ஆனால் எப்படி ஏமாற்றினார், எப்படிக் கண்டுபிடித்தோம் என்பது மற்றவர்களுக்கு உதவும்.

ஒரு நாள் காலையில் லேப்டாப்பை ஆன் செய்ததும் விண்டோஸ் வரவில்லை. கறுப்புத் திரையில், பூட் ஆக வேண்டிய டிஸ்க் கிடைக்கவில்லை என்று ஒரு அறிவிப்பு, அதன் கீழே ஹார்டுவேர் சோதனைக்கு எந்த கீயை அழுத்த வேண்டும் என்ற குறிப்பு. "மாமா, இது என்ன?" என்று வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினாள். அந்தச் சோதனையையே ஓட்டிப் பார்க்கச் சொன்னேன். மெமரி, அதாவது ராம், பாஸ். ஹார்ட் டிஸ்க் சோதனைக்குப் போனால், டிஸ்க்கே இல்லை என்றது. சிஸ்டம் விவரப் பக்கத்தையும் படம் எடுக்கச் சொன்னேன். ஹாஸ்டல் டியூப்லைட் திரையின் குறுக்கே வெள்ளைக் கோடாக விழுந்திருக்கிறது, ஆனாலும் மெமரி 8192 எம்பி, அதாவது 8 ஜிபி, என்பது தெளிவாகத் தெரிகிறது. பின்னால் அந்தப் படம்தான் கைகொடுத்தது.

‘டிஸ்க் இல்லை’ என்று வந்தால் டிஸ்க் செத்திருக்கலாம், அதன் ரிப்பன் கேபிள் கழன்றிருக்கலாம், பயாஸ் (ஆன் செய்ததும் முதலில் ஓடும் நிரல்) செட்டிங் மாறியிருக்கலாம், போர்டில் டிஸ்க்குக்கான பகுதி போயிருக்கலாம். இதில் கடைசியாகச் சந்தேகப்பட வேண்டியது போர்டை. கடைக்காரர் அங்கிருந்துதான் ஆரம்பித்தார்.

"மதர்போர்டு போயிடுச்சும்மா. சிப் லெவல்ல ஒண்ணும் பண்ண முடியாது, போர்டே மாத்தணும்." இவள் சோதனை முடிவைக் காட்டியதற்கு, "அதெல்லாம் கம்பெனிக்காரன் சும்மா காட்டுறது, போர்டு போனா டெஸ்ட்டும் தப்பாத்தான் காட்டும்" என்றாராம். நான் போனில் பேசியபோது, "சார், நாங்க எத்தனை வருஷமா இந்த ஃபீல்டுல இருக்கோம் தெரியுமா?" என்றார். டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தீர்களா என்று கேட்டேன். அதற்கு பதில் இல்லை. "டேட்டா வேணும்னா இன்னைக்கே முடிவு சொல்லுங்க" என்றார். ப்ராஜெக்ட் சமர்ப்பிக்க வேண்டிய வாரம். ஜிபே செய்துவிட்டு லேப்டாப்பை வாங்கி வந்தாள். பில் என்று கொடுத்தது ஒரு துண்டுச் சீட்டு: ‘மதர்போர்டு மாற்றியது – 9,500’. ஜிஎஸ்டி எண் கிடையாது, போர்டின் எண் கிடையாது, பழைய போர்டும் திரும்பி வரவில்லை.

அந்தச் சோதனை நிரல் விண்டோஸுக்குள் இருப்பதில்லை. அதன் அடிப்படைப் பகுதி மதர்போர்டிலேயே இருக்கும் பயாஸ் சிப்பில் இருக்கிறது. அதனால்தான் டிஸ்க் இல்லாமலும் ஓடுகிறது. அந்தத் திரை வந்து, கீபோர்டு வேலை செய்து, மெமரி சோதனை முழுதாக முடிகிறது என்றால் புராசஸர், ராம், டிஸ்ப்ளே எல்லாம் அந்த போர்டின் மேல்தான் ஓடிக்கொண்டிருக்கின்றன. போர்டில் டிஸ்க்குக்கான பகுதி மட்டும் பழுதாக வாய்ப்பு உண்டுதான், மறுக்கவில்லை. ஆனால் அதை முடிவு செய்ய டிஸ்க்கை ஒரு யுஎஸ்பி கேஸில் போட்டு இன்னொரு கம்ப்யூட்டரில் செருகிப் பார்க்க வேண்டும். எந்த சர்வீஸ் கடை மேஜையிலும் அந்த கேஸ் கிடக்கும்.

சில வாரம் ஒழுங்காக ஓடியது. அப்புறம் அதே கறுப்புத் திரை. லீவுக்கு மதுரை வந்தவளிடம் வாங்கி, எனக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவரிடம் கொடுத்தேன். எங்கள் கண் முன்னாலேயே திறந்தார். டிஸ்க்கின் ரிப்பன் கேபிள் போர்டில் செருகும் இடத்தில் லாக் விழாமல் பாதி வெளியே நின்றது. நகத்தால் தள்ளி லாக்கை அழுத்தினார், அவ்வளவுதான். டிஸ்க் வந்துவிட்டது, சின்னச் சோதனை, நீளச் சோதனை இரண்டும் பாஸ். அப்படியே ராமைப் பார்த்தால் இரண்டு ஸ்லாட்டில் ஒன்று காலி. திரையில் 4096 எம்பி, அதாவது 4 ஜிபிதான்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள்: இந்த முறையும் மெமரி சோதனை ‘பாஸ்’ என்றுதான் காட்டியது. இருப்பது நன்றாக இருக்கிறதா என்று மட்டுமே அது பார்க்கும். நேற்று எவ்வளவு இருந்தது என்று அதற்குத் தெரியாது. வாசலில் செருப்பு எண்ணும் ஆள் மாதிரி நாம்தான் முன்பே எண்ணி வைக்க வேண்டும்.

போர்டு மாறவே இல்லை என்பது கேபிள் வழியாக நெட் எடுக்கும் லேனால் உறுதியானது. ஹாஸ்டலில் ஒவ்வொரு லேப்டாப்பின் லேன் முகவரியையும் (லேன் சிப்புக்கே உரிய தனி எண்) பதிவு செய்துதான் நெட் தருவார்கள். இந்த மாடலில் லேன் சிப் மதர்போர்டிலேயே இருக்கிறது. போர்டை மாற்றியிருந்தால் முகவரியும் மாறி, மறுபடி பதிவு செய்ய வேண்டி வந்திருக்கும். இவளுக்கோ கடையிலிருந்து வந்த அன்றே நெட் வந்தது, முதலாம் ஆண்டில் எழுதிக் கொடுத்த முகவரிதான் இன்றும் காட்டுகிறது. வைஃபை முகவரியை வைத்து இதைச் சொல்ல முடியாது, பல மாடல்களில் வைஃபை கார்டு தனி.

கடையில் கொடுக்கும் முன் நீங்களே சோதனையை ஓட்டிவிடுங்கள். எச்பியில் ஆன் செய்ததும் எஸ்கேப் கீயைத் தட்டிக்கொண்டே இருந்து, மெனு வந்ததும் எஃப்2. டெல்லில் எஃப்12 அழுத்தி டயக்னாஸ்டிக்ஸ். லெனோவோ திங்க்பேடில் பல மாடல்களுக்கு எஃப்10. இன்டெல் மேக்கில் டி கீயை அழுத்தியபடி ஆன் செய்ய வேண்டும். எம்1 முதலான மேக்குகளில் பவர் பட்டனை விடாமல் அழுத்தி, ஆப்ஷன்ஸ் வந்ததும் கமாண்டும் டியும். ‘டிஸ்ப்ளே போச்சு’ என்று சொன்னால், புதிய டெல் மாடல்களில் டி கீயை அழுத்திக்கொண்டு ஆன் செய்து பாருங்கள். திரை சிவப்பு, பச்சை, நீலம் என்று நிறம் நிறமாக மாறும். அதில் கோடோ திட்டோ இல்லை என்றால் திரைப் பேனலை மாற்றச் சொல்பவரிடம் காரணம் கேளுங்கள்.

சோதனை தோற்றால் எச்பி 24 எழுத்து ஃபெயிலியர் ஐடி ஒன்று தரும், டெல் 2000-0142 மாதிரி ஒரு எண் தரும் (இது டிஸ்க் சுயசோதனையில் தோற்றதற்கானது). வாரன்ட்டி இருந்தால் கம்பெனி கேட்பது இதைத்தான். சின்னச் சோதனை பாஸ் ஆனதை மட்டும் நம்பி டிஸ்க் நல்லது என்று முடிவு கட்டவும் வேண்டாம், நீளச் சோதனைக்குச் சில மணி நேரம் ஆனாலும் ஓட்டிவிடுங்கள். ராம் அளவு, டிஸ்க் மேல் ஒட்டியிருக்கும் சீரியல் எண், லேன் முகவரி எல்லாவற்றையும் படம் எடுத்து வையுங்கள்.

படங்களோடு கடைக்குப் போனோம். "ராம் முதல்லயே ஒண்ணுதான் இருந்துச்சு" என்றார். தேதியோடு 8192 இருக்கும் படத்தைக் காட்டியதும் பையனைக் கூப்பிட்டுத் திட்டினார், ஒரு பழைய 4 ஜிபி ராமை எடுத்து நீட்டினார். எங்களுடையதுதானா என்று தெரியாது, வாங்கிக்கொண்டோம். பணத்தைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவு செய்திருக்கிறோம். முறையான பில் தராததையே நியாயமற்ற வணிக நடைமுறை என்கிறது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். அதில் சரிவரவில்லை என்றால் அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். ஜிபே ரசீது, துண்டுச் சீட்டு, இரண்டு திரைப் படங்கள், மதுரை மெக்கானிக் எழுதித் தந்த குறிப்பு எல்லாம் ஒரே ஃபைலில் இருக்கின்றன. கடைக்காரர் நேற்று போன் செய்து, "பாதி தர்றேன், விட்ருங்க சார்" என்றார். முழுத் தொகையையும் அக்கவுண்டில் போடச் சொல்லியிருக்கிறேன்.